16 முனைத் திசைகாட்டி: குழிந்த ஒரு குயில்ட் கட்டமும் அதைத் தட்டையாக்கிய கைத்தையலும்

முள்ளியவளையில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடித் தைக்கும் பெண்களுக்குச் சுவர்த்தொங்கல் ஒன்றைத் தைத்துத் தரும் வேலை வந்தது. கேட்டது முல்லைத்தீவுக் கடற்கரையைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு புலம்பெயர் குடும்பம். நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு திசைகாட்டி. குயில்ட் (துணித் துண்டுகளை மூட்டி அடுக்காகத் தைப்பது) தைப்பவர்கள் ‘மரைனர்ஸ் கொம்பஸ்’ என்று சொல்லும் பழைய கட்டம் அது. முழுவதும் கைத்தையலாக இருக்க வேண்டும், வீட்டுப் பெரியவர் உடுத்த பழைய சாரத்திலிருந்து ஒரு துண்டாவது அதில் வரவேண்டும். கேட்டவர்கள் வைத்த நிபந்தனைகள் இவ்வளவுதான்.

முதல் கட்டத்தை எடுத்தவர் சிலாவத்தைப் பெண் ஒருவர். சில ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் மெசினில் இருந்தவர். கை வேகம், கண் கூர்மை இரண்டும் உண்டு. அவர் தைத்து முடித்த திசைகாட்டி வளையத்தைப் பாயில் வைத்தால் அது தட்டையாகக் கிடக்கவில்லை. ஓரம் பாயில் பதிந்திருக்க, நடு ஒரு அங்குலத்துக்கு மேல் எழும்பி நின்றது. திருப்பி வைத்தால் கிண்ணம்.

அந்த வளையம் ஏன் குழிந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எதைப் பிரித்தோம் என்பதை முழுமையாகப் பதிவு செய்கிறேன். கையால் துண்டு மூட்டுவது ஒரு வேலை, ரிவர்ஸ் அப்ளிக் (மேல்துணியை வெட்டி மடித்து அடித்துணியைக் காட்டும் தையல்) இன்னொரு அலங்காரம் என்று பிரித்துக் கற்பிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். இந்தக் கட்டத்தில் அந்தப் பிரிவினை செல்லாது. மூட்டுத் தையலில் எஞ்சும் சிறு குறைகளை ஏற்றுக்கொள்வது ரிவர்ஸ் அப்ளிக்தான். ஆனால் அது ஏற்றுக்கொள்ளும் குறைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எவ்வளவு என்று தெரிந்தால்தான், பிரிப்பதா தொடர்வதா என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.

கட்டத்தின் அமைப்பு

காற்றுத் திசைகளைக் குறிக்கும் நட்சத்திர வடிவம் பழைய கடல் வரைபடங்களிலிருந்து வந்தது. 1375ஆம் ஆண்டின் கற்றலான் வரைபடத் தொகுதியில் உள்ளதுதான் நமக்குத் தெரிந்த முதலாவது திசைகாட்டி நட்சத்திரம். மாலுமிகளின் முழுத் திசைகாட்டிக்கு 32 முனைகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குயில்ட் தைத்த பெண்கள் அந்த வடிவத்தைத் துணிக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் எடுத்தது 16 முனையுள்ளது.

கட்டம் தைத்து முடிந்த பிறகு 12 அங்குலச் சதுரம். அதற்குள் 10 அங்குல விட்டமுள்ள வளையம். வளையத்தில் 32 துண்டுகள்: நான்கு பெருமுனை, நான்கு இடைமுனை, எட்டுச் சிறுமுனை, இவற்றுக்கு இடையே 16 வெளிர் துண்டுகள். நடுவில் ஒரு சிறு வட்டம் எல்லா அடி நுனிகளையும் மூடும். துண்டுகள் ஒன்றுடன் ஒன்று மாறிப்போகாமல் இருக்கப் பெண்கள் நான்கு பெருமுனைகளுக்கும் காற்றின் பெயர்களையே வைத்தார்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். “கச்சானுக்கு வலப்பக்கச் சிறுமுனை எங்க?” என்று கேட்டால் எல்லோருக்கும் உடனே விளங்கியது. மீன்பிடிக் குடும்பப் பெண்களுக்கு இலக்கம் போட்ட துண்டை விட இது லேசு.

தைக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் ஒவ்வொரு சிறுமுனையின் இரு பக்கமும் வெளிர் துண்டுகளை மூட்ட வேண்டும். அப்படி எட்டுத் தொகுதிகள் வரும். இடைமுனையின் இரு பக்கமும் இரண்டு தொகுதிகளை மூட்டினால் நான்கு ஆப்புகள். அந்த ஆப்புகளுக்கு இடையே பெருமுனைகளை வைத்து மூட்டினால் வளையம் முடிந்தது. எல்லாமே நேர்த் தையல்கள், வளைவு ஒன்றும் இல்லை. இந்தக் கட்டத்தைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

வளையத்தை நீலச் சதுரத்தில் பொருத்துவதுதான் ரிவர்ஸ் அப்ளிக். வளையத்தை மேலே வைத்து ஒட்டுவதில்லை. சதுரத்துணியின் நடுவில் வட்டமாக வெட்டி, வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்து, அடியில் வைத்த வளையம் அந்தத் திறப்புக்குள் தெரியும்படி தைப்பது. வளையத்தைச் சுற்றி இருப்பது வெளிர் துணி, மேலே வருவது கடும் நீலம். ஆகவே மடித்த ஓரம் அடியிலிருந்து நிழல் காட்டாது. வெளிர்த் துணி மேலே, கடும் நிறம் கீழே என்று வைத்திருந்தால் மடிப்பு முழுவதும் வெளியே தெரிந்திருக்கும்.

துணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிர் துண்டுக்கும் நீலச் சதுரத்துக்கும் பொப்லின், முனைகளுக்குப் பழைய பருத்திச் சேலைகள், வாடை முனைக்கு அந்தச் சாரம். தொழிற்சாலை வெட்டுத் துண்டுகளும் ஒரு பை நிறையக் கிடந்தன. இழுத்தால் நீளும் துணி என்பதால் அவற்றை ஒதுக்கினோம். எல்லாவற்றையும் நனைத்துக் காயவைத்தோம். சிவப்புச் சேலை சாயம் விடுகிறதா என்று ஈரத் துண்டை வெள்ளைத் துணியில் வைத்து அயன் பண்ணிப் பார்த்தோம். விட்டது. இரண்டு தரம் அலசிய பிறகு நின்றது. ஊசி 10ஆம் இலக்கம் (இலக்கம் கூடக் கூட ஊசி சிறுக்கும்), நூல் முழங்கை நீளம், அதாவது 18 அங்குலம். நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துவிட்டால் சிக்காது, பிசிறாது. வன்னிக் காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் மெழுகு கிடைக்கிறது. கடையில் விற்கும் எதையும் விட எனக்கு அதுதான் பிடிக்கும்.

எங்கே போனது 32 மில்லிமீற்றர்?

வளையம் குழிந்ததும் விறாந்தையில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். பழைய சாரம் இழுபட்டிருக்கும் என்றார் ஒருவர். துண்டுகளைக் குறிக்கும் அச்சு மட்டை தேய்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். அயன் பெட்டியைத் துணியில் உரசித் தேய்த்ததால் வந்தது என்று மூன்றாவது ஆள். எல்லாமே நடக்கக் கூடியவைதான். ஆனால் வடிவத்தைப் பார்த்தாலே சிலவற்றைத் தள்ளிவிடலாம்.

துணி இழுபட்டால் துண்டு பெரிதாகும். துண்டுகள் பெரிதானால் சுற்றளவு கூடும், வளையத்தின் ஓரம் அலை அலையாக நெளியும். எங்கள் வளையம் நெளியவில்லை, குழிந்தது. ஆரம் சரியாக இருந்து சுற்றளவு குறைந்தால் மட்டுமே துணி குழியும். ஆகவே சாரத்தின் மேலும் அயன் பெட்டியின் மேலும் போட்ட பழி நிற்காது. எங்கோ துணி குறைகிறது. அதைத் தேட வேண்டும்.

10 அங்குல வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 798 மில்லிமீற்றர். முனைகளின் நுனிகள் ஓரத்தில் ஒரு புள்ளியாக முடிந்துவிடுவதால், அந்தச் சுற்றளவு முழுவதும் 16 வெளிர் துண்டுகளுக்கே உரியது. ஒவ்வொன்றின் வெளி ஓரமும் சுமார் 50 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். நாடாவை வைத்து ஒவ்வொன்றாக அளந்தோம். 48, 48, சிலது 47, சிலது 49. பெரும்பாலும் 48. துண்டுக்கு 2 மில்லிமீற்றர் வீதம் 16 துண்டுக்கு 32 மில்லிமீற்றர் காணவில்லை. முனைகளின் அகலத்தையும் அளந்தோம். அவை வரைபடத்தோடு ஒத்துப்போயின. குறை முழுவதும் வெளிர் துண்டுகளில்.

அடுத்தது மட்டை. துண்டுகளைக் குறிக்கக் கொப்பி மட்டையைப் பாவித்தால் சுற்றிச் சுற்றிப் பென்சில் ஓடி விளிம்பு தேய்வது உண்மை. இங்கே பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவி வெட்டியிருந்தார்கள். அது தேய்வதில்லை. மட்டையை மூல வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தோம், அச்சாகப் பொருந்தியது. வெளிர் துண்டின் பின்பக்கத்தில் இருந்த பென்சில் கோடும் சரி. அப்படியென்றால் குறைந்தது வெட்டும்போது அல்ல, தைக்கும்போது.

ஒரு தையலைப் பிரிக்காமல் இரு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். முனைத் துண்டின் பக்கம் நூல் கோட்டின் மேலேயே ஓடுகிறது, எங்கும் ஒரு நூல் கூட விலகவில்லை. திருப்பி வெளிர் துண்டின் பக்கம் பார்த்தால் பென்சில் கோடு அப்படியே வெளியே தெரிகிறது, தையல் அதிலிருந்து ஒரு மில்லிமீற்றர் உள்ளே தள்ளி ஓடுகிறது. அடுத்த தையலும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

காரணம் இதுதான். கடும் நிற முனைத் துண்டில் வெள்ளைச் சோக்குக் கோடு நன்றாகத் தெரிகிறது. ஆகவே அவர் ஒவ்வொரு முறையும் முனைத் துண்டைத் தன் பக்கமும் வெளிர் துண்டைப் பின்பக்கமுமாக வைத்துத் தைத்திருக்கிறார். ஊசியைச் சாய்த்துப் பிடிக்கும்போது அது முன்துணியில் கோட்டில் நுழைந்து பின்துணியில் கொஞ்சம் தள்ளி வெளிவருகிறது. மெசினில் ஊசி செங்குத்தாக இறங்கும். மேல்துணி சரியென்றால் கீழ்த்துணியும் சரி, திருப்பிப் பார்க்கும் தேவையே இல்லை. கையில் அப்படி இல்லை. மெசினில் பழகிய கை மேல்துணியை மட்டும் நம்பியது.

வெளிர் துண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நீளப் பக்கங்கள். 16 துண்டுக்கு 32 தையல். தையலுக்கு 1 மில்லிமீற்றர். கணக்கு நாடாவோடு சரியாக ஒத்துப்போனது.

ஒரு மில்லிமீற்றர் பெரிய பிழை இல்லை. அந்தப் பெண்ணின் தையல் உண்மையில் அழகானது, அங்குலத்துக்கு எட்டு ஒன்பது ஓட்டம், அங்குலத்துக்கு ஒரு பின்தையல் (பின்னோக்கிப் போட்டு இறுக்கும் தையல்). நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: பிழையின் அளவை விட அதன் திசை முக்கியம். ஒரு தையல் உள்ளே, ஒரு தையல் வெளியே என்று அங்குமிங்கும் போயிருந்தால் அவை ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கும், வளையமும் கிட்டத்தட்டத் தட்டையாகவே வந்திருக்கும். 32 தடவையும் ஒரே பக்கம் சாய்ந்ததால்தான் குழிந்தது. ஒழுங்கான கைக்குத்தான் இப்படி நேரும்.

முன்னரே ஏன் தெரியவில்லை? ஆப்புகளைத் தனித்தனியாகப் பாயில் வைத்தபோது அவை தட்டையாகத்தான் கிடந்தன. ஒரு ஆப்பில் எவ்வளவு குறைந்தாலும் அது குழியாது, அதன் கோணம் மட்டும் ஒடுங்கும். ஒடுங்கிய ஆப்பும் கண்ணுக்கு நேர்த்தியாகவே தெரியும். கடைசித் தையலால் வளையத்தை மூடும்போதுதான் எல்லாக் குறையும் ஒன்றுசேர்ந்து வெளியே வருகிறது. ஒவ்வொரு தொகுதியையும் முழு அளவு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் அடுத்ததை மூட்டக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். முதல் சிறுமுனைத் தொகுதியிலேயே 2 மில்லிமீற்றர் குறை தெரிந்திருக்கும்.

பிரிக்காமல் தப்ப வழி உண்டா?

பிரிப்பது என்றால் எல்லோருக்கும் மனம் கனக்கும். ஆகவே வேறு வழிகளைப் பேசினோம்.

“ரீச்சர், கஞ்சி போட்டு அயன் பண்ணினால் படிஞ்சிடும்தானே?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

“இப்ப படியும் பிள்ளை. ஈரம் பட்டதும் திரும்ப எழும்பும்.”

கஞ்சி குறையை மறைக்கும், தீர்க்காது. சுவர்த்தொங்கல்தானே, யார் நனைக்கப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். மாரிகாலத்து ஈரக் காற்றே போதும்.

நடு வட்டத்தைப் பெரிதாக்கி எழும்பிய பகுதியை வெட்டி எடுத்தால் என்ன என்றார் இன்னொருவர். கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் குறை நடுவில் இல்லை, சுற்றளவில் இருக்கிறது. நடுவை வெட்டினால் ஓட்டையுள்ள கிண்ணம் கிடைக்கும். மேலும் 32 தையலும் நெருங்கி நிற்பது ஓரத்துக்குக் கிட்டிய பகுதியில்தான். நடுவுக்குப் போகப் போகத் தையல்கள் குறைகின்றன.

நீலத் துணியின் திறப்பைச் சிறிதாக்கி வளையத்தின் ஓரத்தை மறைப்பது மூன்றாவது யோசனை. அப்படிச் செய்தால் முனைகளின் நுனிகள் எல்லாம் நீலத்துக்குள் புதைந்துவிடும். நுனி வெட்டுப்பட்ட திசைகாட்டியை என்னால் ஏற்க முடியாது. குழிவும் போகாது.

ரிவர்ஸ் அப்ளிக் எவ்வளவு குறையைத் தாங்கும் என்ற கேள்வி இங்கேதான் வந்தது. இந்த அளவுள்ள வளையத்தில் சுற்றளவில் 6 மில்லிமீற்றர் வரை கூடினாலும் குறைந்தாலும் தைக்கும்போது பகிர்ந்து அடக்கிவிடலாம் என்பது என் மதிப்பீடு. வெளிர் துண்டுகளின் வெளி ஓரத்தில் பெரும்பகுதி பயஸாக, அதாவது இழைகளுக்குச் சாய்வாக, வெட்டுப்படுவதால் கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் ஒடுங்கும். 16 இடத்தில் பகிர்ந்தால் ஓரிடத்துக்கு மூன்றில் ஒரு மில்லிமீற்றர்தான் வரும். 32 மில்லிமீற்றரை அப்படி அடக்க முடியாது. பாதித் தையல்களை மட்டும் திருத்தினாலும் 16 மில்லிமீற்றர் மிஞ்சும், அதுவும் எல்லைக்கு வெளியே. சில தையல்களை மட்டும் அதிகமாக வெளியே தள்ளித் தைத்துச் சுற்றளவைச் சரிக்கட்டலாம். ஆனால் அந்த இடத்து முனைகள் மட்டும் ஒல்லியாகி முகம் கோணிவிடும். ஆகவே 32 தையலையும் பிரிப்பது என்று முடிவானது. துண்டுகளைப் புதிதாக வெட்டத் தேவையில்லை, கோடுகள் சரியாகவே இருந்தன.

இரண்டாவது தையல்

கைத்தையலைப் பிரிப்பது மெசின் தையலைப் பிரிப்பதை விடப் பல மடங்கு இலகு. பின்தையல் விழுந்த இடங்களில் மட்டும் நூலை வெட்டி, ஊசியின் காதுப் பக்கத்தால் தூக்கினால் ஓட்டம் முழுவதும் உருவிக்கொண்டு வரும். துணியில் காயம் இல்லை. பழைய சாரத்துக்குத்தான் கொஞ்சம் பயந்தோம், அதுவும் தாங்கியது.

திரும்பத் தைத்த முறையில் மூன்று மாற்றங்கள். தைக்கும் கோடு இரு துண்டுகளிலும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் வெளிர் துண்டின் கோட்டைக் கூரிய பென்சிலால் மீண்டும் மெல்லியதாக வரைந்தார். தைக்க முன் இரு மூலைப் புள்ளிகளிலும் நடுவிலும் குண்டூசி குத்தி, அது பின்பக்கத்துக் கோட்டிலேயே வெளிவருகிறதா என்று திருப்பிப் பார்த்தார். பிறகு ஊசியில் மூன்று நான்கு ஓட்டம் ஏற்றியதும், நூலை இழுக்க முன் ஒருதரம் திருப்பிப் பார்ப்பது. முதலில் வேகம் பாதியானது. ஒரு ஆப்பு முடியும்போது விரலுக்கே தெரிந்துவிட்டது, திருப்பிப் பார்ப்பதும் குறைந்தது.

மூலைகளில் ஒரு விதி உண்டு. கைத்தையல் புள்ளியிலிருந்து புள்ளி வரைதான் ஓட வேண்டும், தையலுக்கு விட்ட கால் அங்குல ஓரத்துக்குள் போகக் கூடாது. ஓரங்கள் கட்டுப்படாமல் இருந்தால்தான் அவற்றை எந்தப் பக்கமும் மடித்துவிடலாம். இரண்டு தொகுதிகள் சந்திக்கும் இடத்தில் ஓரத்தைத் தைத்துவிடாமல், அதன் அடியால் ஊசியைச் செலுத்தி மறுபக்கம் எடுத்து, ஒரு பின்தையல் போட்டுத் தொடர வேண்டும். மெசினில் இதைச் செய்வது சிரமம், கையில் அது ஒரு நொடி வேலை.

ஒவ்வொரு தொகுதியும் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்த பிறகே அடுத்தது. இடையில் வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் வந்ததால் வேலை சில நாள் நின்றது. முடிந்ததும் வளையத்தைப் பாயில் வைத்தோம். படுத்தது. நாடா வைத்தால் சுற்றளவு 793 மில்லிமீற்றர். 5 மில்லிமீற்றர் குறை, எல்லைக்குள்.

வட்டத்தைத் திறத்தல்

ஒரு துணியை வெட்டி மடித்து அடித்துணியைக் காட்டும் வேலை உலகில் பல இடங்களில் தனித்தனியாக வளர்ந்திருக்கிறது. பனாமாக் கரையோரத் தீவுகளில் வாழும் குணா இனப் பெண்கள் தங்கள் மேற்சட்டைக்குத் தைக்கும் மோலா, அடுக்கடுக்காக வைத்த பருத்தியை வெட்டி மடித்துச் செய்வது. 1925இல் குணாக்கள் பனாமா அரசுக்கு எதிராகக் கிளர்ந்ததற்கு, அவர்களது உடையையும் வழக்கங்களையும் தடுக்க முயன்றதும் ஒரு காரணம். லாவோஸ் மலைகளிலிருந்து 1975க்குப் பிறகு தாய்லாந்து முகாம்களுக்குப் போன மொங் இனப் பெண்களும் இதே தையலைக் கையோடு கொண்டுபோனார்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த வன்னிப் பெண்களுக்கு அந்தச் செய்தியை நான் சொன்னபோது விறாந்தையில் நிறையக் கேள்விகள் வந்தன. அவர்கள் என்ன நூல் பாவித்தார்கள், யாருக்கு விற்றார்கள் என்றெல்லாம். நமக்கு அருகில் தஞ்சாவூரில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகளில் துணி மேல் துணி ஒட்டித் தைக்கும் மரபு உண்டு. எங்கள் குழுவில் வற்றாப்பளைப் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார், கோயில்களுக்குக் கொடிச்சீலையும் தேர்ச்சீலையும் தைத்த குடும்பம். ஓரம் மடிப்பதில் அவருக்கு நிகர் அங்கே யாரும் இல்லை. ஆகவே இந்தக் கட்டத்தில் சிலாவத்தைப் பெண் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நீலத் துணியை 14 அங்குலச் சதுரமாக வெட்டினோம். தைத்து முடித்த பிறகு அளவாக நறுக்கிக்கொள்ளலாம். நான்காக மடித்து நகத்தால் கீறிய மடிப்புக் கோடுகள்தான் நான்கு திசை. மேல்பக்கத்தில் வட்டம் வரைந்தோம். அதன் ஆரம் 5 அங்குலத்தோடு இன்னும் 2 மில்லிமீற்றர். அந்த 2 மில்லிமீற்றர் வேண்டுமென்றே விட்டது. முனையின் நுனி சரியாக ஓரத்தைத் தொட வேண்டும் என்று வரைந்தால், நூலளவு பிசகினாலும் ஒரு நுனி மழுங்கும், அடுத்த நுனி விலகும், கண் உடனே பிடித்துவிடும். எல்லா நுனியும் ஓரத்திலிருந்து சற்றே உள்ளே நின்றால் அந்தச் சிறு வேறுபாடு தெரியாது. இதற்கு வசதியாக வெளிர் துண்டுகளின் வெளிப்பக்கத்தில் கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலம் விட்டு வெட்டியிருந்தோம்.

வளையத்தை ஒரு பலகையில் விரித்து, நீலத் துணியை அதன் மேல் வைத்து, நான்கு காற்றுகளையும் மடிப்புக் கோடுகளோடு பொருத்திக் குண்டூசி குத்தினோம். பிறகு இடைமுனைகள், பிறகு சிறுமுனைகள், மொத்தம் 16 ஊசி. 5 மில்லிமீற்றர் குறை பகிரப்பட்டது இந்த இடத்தில்தான். இரண்டு ஊசிகளுக்கிடையே வெளிர் ஓரத்தை விரலால் மெல்ல நீவிவிட்டால் போதும், அது தானாகவே திறப்பின் அளவுக்கு வந்துவிடுகிறது. வட்டக் கோட்டிலிருந்து கொஞ்சம் வெளியே பெரிய ஓட்டமாகத் தற்காலிகமாக நூலோடி, ஊசிகளை எடுத்தோம்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டிவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வட்டத்தை முழுவதும் வெட்டிய கணமே அதன் பயஸ் ஓரம் இழுபடத் தொடங்கும். முதலில் நடுவில் ஒரு சிறு துளை. அதிலிருந்து கோட்டை நோக்கி வெட்டி, தைக்கப்போகும் மூன்று நான்கு அங்குலத்துக்கு மட்டும் கோட்டுக்கு உள்ளே 5 மில்லிமீற்றர் விட்டு நீலத்தை எடுக்க வேண்டும். குழிந்த வளைவு என்பதால் மடிக்க முன் கத்தரி நுனியால் சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டு, கோட்டுக்கு இரண்டு இழை முன்னால் நிறுத்த வேண்டும். வெட்டு குறைந்தால் மடிப்பு வளையாமல் முடக்கு முடக்காக நிற்கும், கோட்டைத் தொட்டால் பிசிறும்.

அந்த வற்றாப்பளை அம்மா செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தேன். இடது கைப் பெருவிரல் மடிப்பின் மேல், சுட்டுவிரல் அடியில் தாங்கியிருக்கிறது. தைக்கப்போகும் இடத்துக்கு அரை அங்குலம் முன்னால் மட்டும் மடிக்கிறார். ஊசியின் நுனியை வெட்டிய ஓரத்துக்குக் குறுக்கே படுக்கவைத்து, ஒரே வீச்சில் உள்ளே தள்ளுகிறார். பெருவிரல் உடனே அந்த மடிப்பை அமத்திப் பிடிக்கிறது. நூல் அடியிலிருந்து மடிப்பின் நுனி இழையைப் பிடித்து மேலே வருகிறது, நேர் எதிரே வெளிர் துணியில் இறங்குகிறது, அடியில் இரண்டு மில்லிமீற்றர் நகர்ந்து மீண்டும் மடிப்பைப் பிடிக்கிறது. மேலே எதுவும் தெரியவில்லை. நூல் நீல நிறம். மடிபடும் மேல்துணியின் நிறத்தில்தான் நூல் இருக்க வேண்டும், அடித்துணியின் நிறத்தில் அல்ல.

சிலாவத்தைப் பெண் முயன்றபோது ஒரு வெட்டில் இழைகள் வெளியே எட்டிப் பார்த்தன. அவர் ஊசியால் குத்தி உள்ளே தள்ளத் தள்ள இன்னும் பிசிறியது.

“குத்தாத பிள்ளை, தடவு. நுனியில கொஞ்சம் ஈரம் பிடிச்சுக்கொண்டு தடவு.”

ஊசி நுனியை ஈர விரலில் தொட்டு ஒரே பக்கமாகத் தடவியதும் இழைகள் ஒட்டிக்கொண்டு உள்ளே போயின. அந்த இடத்தில் மட்டும் தையலை ஒரு மில்லிமீற்றராக நெருக்கி மூன்று தையல் போட்டார் அம்மா. பசை பாவிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. பசை காய்ந்த ஓரத்தில் ஊசி இறங்காது, பிறகு குயில்ட் தையல் போடும்போது அந்த இடம் முரட்டுத்தனமாக நிற்கும். பிசிறை நெருங்கிய தையலால் அடக்குவதே சரி.

முனை நுனிகளுக்குக் கிட்டே இன்னொரு சிக்கல். அங்கே இரண்டு தையல்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடிப்பாக இருக்கும். அதன் மேல் நீல மடிப்பு வந்தால் வட்டம் அந்த இடத்தில் புடைக்கும். பின்பக்கத்தில் அந்த ஓரங்களை 3 மில்லிமீற்றராக நறுக்கிய பிறகே அந்தப் பகுதியைத் தைத்தோம். 16 நுனிக்கும் இதைச் செய்ய நேரமெடுக்கும். ஆனால் வட்டம் வட்டமாக நிற்பது இதனால்தான்.

சுற்றி முடிந்ததும் நடு வட்டம். அதைத் திறப்பாக வெட்டி மடிக்க முடியாது. அத்தனை அடி நுனிகளின் தடிப்பையும் மடிக்க வேண்டி வரும். ஆகவே சாரத்திலேயே ஒரு வட்டம் வெட்டி, கொப்பி மட்டையைச் சுற்றிச் சுருக்குநூல் ஓட்டி, அயன் பண்ணி, மட்டையை உருவிவிட்டு மேலே வைத்துத் தைத்தோம். தற்காலிக நூலை எடுத்து, கட்டத்தைத் தண்ணீரில் நனைத்து, துவாயில் படுக்கவைத்துக் காயவிட்டோம். தட்டையாகவே காய்ந்தது. மடிப்புக் கோடுகளை மையமாக வைத்து 12½ அங்குலமாக நறுக்கினோம். நான்கு கட்டங்களையும் மூட்ட அந்த அரை அங்குலம் போய்விடும்.

பிறகு

மற்ற மூன்று கட்டங்களுக்கும் மூல வரைபடத்தை ஒட்டுப்பலகையில் ஒட்டி, மேலே பொலித்தீன் போர்த்தி, எல்லோரும் சுற்றி இருக்கும் இடத்தில் வைத்துவிட்டோம். தொகுதி முடித்தவர் எழும்பி வந்து அதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். இரண்டாம் கட்டத்தில் சுற்றளவு 2 மில்லிமீற்றர் கூடியது, மற்ற இரண்டிலும் குறைந்தது, ஆனால் 6ஐத் தாண்டவில்லை. எதையும் பிரிக்க வேண்டி வரவில்லை. கூலி பேசும்போது, முதல் கட்டத்தைப் பிரித்துத் தைத்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னேன், குழுவும் ஒத்துக்கொண்டது. வாங்குபவரிடம் கூடுதல் பணம் கேட்கவில்லை. பழகும் காலத்துக்கென்று குழு ஒதுக்கும் பணத்திலிருந்து கொடுத்தோம். கைத்தையல் செய்யும் எந்தக் குழுவும் அப்படி ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பிழையை மறைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும்.

இப்போது சிலாவத்தைப் பெண் 32 முனை தைக்கக் கேட்கிறார். அதே 10 அங்குல வளையத்தில் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். 64 தையல் வரும், ஒவ்வொரு வெளிர் துண்டின் ஓரமும் 25 மில்லிமீற்றராக ஒடுங்கும், அதே 6 மில்லிமீற்றர் எல்லையை 64ஆல் வகுத்தால் தையலுக்கு பத்தில் ஒரு மில்லிமீற்றர் கூட மிஞ்சாது. வளையத்தை 15 அங்குலமாக்கி, சதுரத்தை 18 அங்குலமாக்கினால் இடம் கிடைக்கும். வரைபடத்தை அவரே வரையத் தொடங்கியிருக்கிறார். காற்றுகளின் பெயர்கள் போதாமல் போனதால், மிச்ச முனைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று வீட்டில் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.